கூட ஒருவர் வேண்டும்

கண் தெரியாதவர்கள்தான் கண்ணாடிக் கடைக்கு வருவார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், ஒரு சனிக்கிழமை மட்டும் அந்தக் கடைக்குள் வந்து நிற்க வேண்டும். வருகிற பாதிப் பேருக்குக் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. போனை நீட்டி, "நான் இந்த டைப், இதுக்கேத்த ஃப்ரேம் காட்டுங்க" என்பார்கள். போனில் ஒரு பெண் பழைய புத்தகங்களுக்கு நடுவே ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருப்பாள். அது 'நூலக டைப்'. போன மாதம் நூலக டைப்பாக வந்து தடித்த பழுப்பு ஃப்ரேம் வாங்கிப்போன பெண், இந்த மாதம் 'பளிச் டைப்' ஆகிவிட்டேன் என்று விளிம்பே இல்லாத கண்ணாடி கேட்டு வந்தாள். பழையது என்னாச்சு என்று கேட்டதற்கு, "அது நான் இல்லைங்க" என்றாள். முப்பது நாள்கூட ஆகவில்லை, ஆளே வேறாகிவிட்டாளாம்!

இப்படி வருகிறவர்களுக்கு ஃப்ரேம் மாட்டிப் பார்த்து, காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்து, பவர் இல்லாத வெறும் கண்ணாடி போட்டுக் கொடுப்பது அந்தக் கடையில் இருந்த ஒருத்தியின் வேலை. முகத்தைப் பார்த்ததும் எது எடுக்கும், எது எடுக்காது என்று சொல்லிவிடுவாள். சும்மா சொல்லக் கூடாது, வேலையில் கெட்டிக்காரி. ஆனால் அந்த டைப் பெண்களைப் பார்த்துச் சிரிக்கிற யோக்கியதை மட்டும் அவளுக்குக் கிடையாது. அவள் மூக்கின் மேல் உட்கார்ந்திருந்த வட்டக் கண்ணாடியிலும் பவர் பூஜ்யம்தான்.

கடையில் அவளுக்குப் பெயர் 'சைலன்ஸ்'. வைத்தவர் லென்ஸ் வெட்டும் மெஷினில் இருக்கிற கட்டர் அண்ணன். கேலிக்கு வைத்ததில்லை, மரியாதைக்கு வைத்தது. போனில் அவளுக்கு ஒரு பக்கம் இருந்தது, 'ஓரத்து நாற்காலி' என்று. சாம்பல் நிறப் பின்னணியில், சின்னச் சின்ன எழுத்தில், தினமும் ஒரு கார்டு போடுவாள். 'கதவைத் தட்டாதீர்கள். உள்ளே நான் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.' 'என்னை அழைக்காத நண்பர்களே என் நெருங்கிய நண்பர்கள்.' இந்த மாதிரி. ஆயிரக்கணக்கில் ஆட்கள் ஹார்ட் போட்டார்கள். அதில் கடையில் இருந்த மூன்று பேரும் அடக்கம்.

இதெல்லாம் ஒரு சினிமாவில் ஆரம்பித்தது. நான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதலாளி, கேஷியர் மேடம், கட்டர் அண்ணன் மூவரும் சேர்ந்து படத்துக்குப் போனார்கள். இவளைக் கூப்பிடவில்லை. கேஷியர் மேடத்தின் ஸ்டேட்டஸில், மூன்று பேரும் ஆளுக்கொரு பாப்கார்ன் டப்பாவோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். வயிறு எரிந்தது. எரிந்தது என்று சொல்வதற்கு என்ன? அழுதாள். அழுது மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை மேலே தள்ளிக்கொண்டே போனபோது ஒரு கேள்வி எதிரில் வந்து நின்றது: 'கூட்டத்தில் நீங்கள் எங்கே நிற்பீர்கள்?' ஓரத்தில் என்று அழுத்தினாள். இன்னும் நாலைந்து கேள்வி கேட்டுவிட்டு அது தீர்ப்பு சொன்னது: 'நீங்கள் ஒரு தனிமை விரும்பி. உங்களைப் புரிந்துகொள்ளும் வயது உலகத்துக்கு இன்னும் வரவில்லை.'

அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் அவள் யாரும் கூப்பிடாத ஒருத்தி. சாயங்காலம் அவள், யார் கூப்பிட்டாலும் போகாத ஒருத்தி. ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்! அந்த வாரமே வட்டக் கண்ணாடி வந்தது, சாம்பல் நிறச் சட்டைகள் வந்தன, போன் நிரந்தரமாக சைலன்ட்டுக்குப் போனது.

மற்றவர்கள்தான் பாவம், அதை அப்படியே நம்பினார்கள். அடுத்த முறை படத்துக்குப் போகும்போது, "உனக்கு இதெல்லாம் பிடிக்காதுல்ல" என்று தாங்களாகவே சொல்லிவிட்டுப் போனார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அவளுக்கென்று பின்பக்க ஜன்னலருகே தனி மேஜை போட்டுக் கொடுத்தார் முதலாளி. அவள் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டி, ஒரு துண்டை அந்த மேஜையில் வைத்துவிட்டு, சத்தம் வராமல் கைதட்டினார்கள். உண்மையாகவே அப்படித்தான் செய்தார்கள், உள்ளங்கை உள்ளங்கையில் படாமல். அவளும் தலையைச் சாய்த்து ஒரு புன்னகை செய்தாள். அன்றைக்கு அந்தக் கேக் தின்னப்படாமல் மேஜையிலேயே காய்ந்தது.

அம்மா அப்பா போன பிறகு அவளுக்கு என்று இருந்தவள் ஒரே அக்கா. ஊரின் அந்தக் கோடியில், ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. முன்பெல்லாம் சாயங்காலம் ஆனால் போன் அடித்துவிடுவாள். விஷயம் ஒன்றும் இருக்காது. வாஷிங் மெஷின் ஆட்டுது, புருஷன் குறட்டை தாங்கலை, இந்த லட்சணத்தில் இருக்கும் பேச்சு. அவளுக்கும் ஒருநாள் ஒரு கார்டு போனது: 'அழைப்பு என்பது அனுமதி கேட்காமல் வீட்டுக்குள் நுழைவது.' அக்கா "சரிங்க மேடம்" என்று பதில் போட்டாள். அதற்கப்புறம் போனும் இல்லை, குறட்டையும் இல்லை. ஏதாவது கேட்டால் ஒரு கட்டைவிரல் மட்டும் வரும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பித்தப்பையில் கல் வந்தது.

ஒருநாள் காலை குளியலறைத் தரையில் சுருண்டு விழுந்தாள். உயிர் போய் உயிர் வந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டர், கல் நிறைய இருக்கிறது, ஒன்று நழுவிக் குழாயில் அடைத்தால் ஆபத்து, எடுத்தே ஆக வேண்டும் என்றார். வியாழக்கிழமைக்குத் தேதி கொடுத்தார்.

"கூட ஒரு ஆள் இருக்கணும்மா. ஆள் இல்லாம தியேட்டருக்குள்ள எடுக்க மாட்டோம். அடுத்த தேதினா ரொம்ப நாள் தள்ளிப் போயிடும், பார்த்துக்கோங்க."

"சரி சார்" என்றாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்து, யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தாள். எழுந்திருக்கும்வரை ஒரு முகமும் தோன்றவில்லை. அதாவது, முகங்கள் தோன்றின. அவற்றிடம் கேட்க வாய் வரவில்லை. நான்கு வருடம் யாரும் வேண்டாம் என்று சொன்ன வாய்க்கு, 'பயமாக இருக்கிறது, கூட வாங்க' என்று சொல்ல எங்கிருந்து வரும்? ரோஷம் தடுத்தது. அது ரோஷம்கூட இல்லை, வெறும் வெட்கம்.

முதலாளியிடம் மூன்று நாள் லீவு கேட்டாள். சொந்த வேலை என்றாள். "தனியா எங்கேயாச்சும் போறியாக்கும்? போ போ, யார் தொந்தரவும் இல்லாம நல்லா இருந்துட்டு வா" என்று அவர் சந்தோஷமாகக் கொடுத்தார்.

நேரில்தானே கேட்க முடியவில்லை, 'ஓரத்து நாற்காலி'யில் கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அங்கேதான் அத்தனை பேர் இருக்கிறார்களே. உட்கார்ந்து எழுதினாள். 'நண்பர்களே, எனக்கு வியாழக்கிழமை காலை பித்தப்பை ஆபரேஷன். கூட இருக்க ஆள் இல்லை. யாராவது ஒருவர் வந்து உதவ முடியுமா? தயவுசெய்து.' எழுதியதைப் பார்த்தாள். நாய்க்குட்டி காணவில்லை என்று மின்கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி இருந்தது. ஓரத்து நாற்காலிக்கு இது பொருந்தவே இல்லை. 'தயவுசெய்து' போனது. 'நண்பர்களே' போனது. 'ஆபரேஷன்' என்ற சொல் கண்ணை உறுத்தியது, அதுவும் போனது. பின்னணிக்குச் சாம்பல் நிறம், எழுத்தைச் சின்னதாக்கி, வரிகளுக்கு நடுவே நிறைய இடம் விட்டு, கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்:

'வியாழன் காலை.
பித்தப்பை.
கூட ஒருவர் வேண்டும்.'

போட்டாள். பாருங்கள், எந்தப் பெண்ணாவது தன் உயிருக்கு ஆள் தேடும்போது வரி இடைவெளி பார்த்துக்கொண்டிருப்பாளா? இவள் பார்த்தாள்.

ஹார்ட் வந்து குவிந்தது. இதுவரை எதற்கும் அப்படி வந்ததில்லை. 'ஆழம்' என்றார் ஒருவர். 'பித்தப்பை என்ற ஒற்றைச் சொல்லில் மொத்தக் கசப்பையும் அடக்கிவிட்டீர்கள்' என்றார் இன்னொருவர். 'அந்த ஒருவர் நாமேதான் தோழி' என்று ஒரு பெண் ஆறுதல் சொன்னாள். ஏன் வியாழன், ஏன் வெள்ளி இல்லை என்று ரெண்டு பேர் கீழே சண்டை போட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அதை எடுத்து, பின்னால் புல்லாங்குழல் இசை சேர்த்து, மழைத்துளி ஓடுகிற கண்ணாடி மேல் போட்டுவிட்டான். எந்த ஆஸ்பத்திரி என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் கடையில், கேஷியர் மேடத்திடம் போய் மெதுவாக நின்றாள்.

"மேடம், நேத்து போட்டது பார்த்தீங்களா?"

"பார்க்காம? ஹார்ட் கூடப் போட்டேனே! எனக்குப் புரியலை, ஆனா படிச்சதும் என்னமோ பண்ணுச்சு."

மெஷினை நிறுத்திவிட்டுக் கட்டர் அண்ணன் எட்டிப் பார்த்தார். "பித்தப்பைனு எழுதுறதுக்கு ஒரு தைரியம் வேணும் மேடம். இருதயம்னு எவன் வேணா எழுதிடுவான்."

"அது வந்து... நிஜமாவே..." என்று ஆரம்பித்தாள்.

"ஐயோ, விளக்காதே விளக்காதே" என்று கேஷியர் மேடம் கையைத் தூக்கினாள். "நீ பேசினா உனக்கு அசதி ஆயிடும்னு எங்களுக்குத் தெரியாதா? போ, போய் உன் இடத்துல உட்காரு."

சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை காலை, ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஒவ்வொரு நோயாளிக்கும் மூன்று பேர் கூட இருந்தார்கள். ஒரு கிழவருக்குக் காலில் ஒரு விரல்தான் பிரச்சினை, அதற்கு ஏழு பேர் வந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் வந்தாள்.

"அட்டெண்டர் எங்கம்மா?"

"வந்துட்டு இருக்காங்க."

"யாரு?"

"அக்கா."

பொய் சொல்லியாகிவிட்டது. "சீக்கிரம் வரச் சொல்லும்மா, இல்லைனா உனக்குப் பின்னாடி இருக்கறவங்களை உள்ள அனுப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டாள். இவள் அக்காவுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வைத்ததும் மெசேஜ் வந்தது.

'கை பட்டு கால் வந்திருக்கு போல. எடுக்கல. தொந்தரவு பண்ணல.' பக்கத்தில் ஒரு கட்டைவிரல்.

மறுபடியும் அடித்தாள். மறுபடியும் மெசேஜ்: 'திரும்பவும் கை படுது பாரு. போனை லாக் பண்ணி வை. நான் வேலைக்குள்ள போறேன், போன் இனி லாக்கர்ல.'

'அக்கா எடு, ஆஸ்பத்திரியில இருக்கேன்' என்று அடித்து அனுப்பினாள். ஒரு டிக்கோடு நின்றது. அடுத்த டிக் வரும் வரும் என்று பார்த்தாள். அந்தப் பக்கம் லாக்கர் பூட்டியாகிவிட்டது.

வயிற்றின் வலது பக்கம் மெல்லப் பிடிக்க ஆரம்பித்தது. அது பயத்தினாலா, கல்லினாலா என்று அவளுக்கே தெரியவில்லை. நர்ஸ் தூரத்தில் இன்னொரு நோயாளியின் பெயரைக் கூப்பிட்டாள். இவள் எழுந்து சுவரோரம் போய், கடையின் தரைவழி எண்ணுக்கு அடித்தாள்.

"வணக்கம், கண்ணாடிக் கடை."

"மேடம், நான்தான்."

"எந்த நான்?"

ஒரே அறையில் வருடக்கணக்காக வேலை பார்க்கிறவளின் குரல் கேஷியர் மேடத்துக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும், கேட்டிருந்தால்தானே!

"சைலன்ஸ் பேசுறேன்."

"யாருங்க அது, காலங்காத்தால விளையாட்டு? அவ போன்லயே பேச மாட்டா." வைக்கப் போனாள்.

"வச்சுடாதீங்க!" என்று இவள் கத்தினாள். வார்டு வாசலே திரும்பிப் பார்த்தது. கிழவரின் ஏழு பேரும் வாயை மூடினார்கள். "நான்தான் மேடம், நான்தான். ஆஸ்பத்திரியில இருக்கேன். வயித்துல ஆபரேஷன். கூட ஆள் இல்லைனா உள்ள எடுக்க மாட்டாங்களாம். எனக்கு யாருமே வரலை மேடம். ரொம்பப் பயமா இருக்கு. யாராவது வாங்களேன்." அதற்கு மேல் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. சாம்பல் நிறமும் இல்லை, வரி இடைவெளியும் இல்லை, மூக்கு ஒழுகுகிற அழுகை.



"அடிப்பாவி" என்றாள் கேஷியர் மேடம். "அந்தப் பித்தப்பை நிஜப் பித்தப்பையா?"

நர்ஸ் மூன்றாவது முறை வந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றபோது, கேஷியர் மேடமும் கட்டர் அண்ணனும் மூச்சு வாங்க ஓடி வந்தார்கள். அண்ணன் வேலை ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை, புருவமெல்லாம் லென்ஸ் பொடி.

"இவ்வளவு நேரம் எங்க போனீங்க?" என்று நர்ஸ் எகிறினாள். "நீங்கதான் அக்காவா?"

"நான் கூட வேலை பார்க்கிறவ. ரொம்ப மெதுவா கூப்பிட்டுட்டாம்மா, காதுல விழலை. எங்க கையெழுத்துப் போடணும்?"

நர்ஸ் அவளைத் தள்ளுபடுக்கையில் படுக்கச் சொல்லிவிட்டு, "கண்ணாடியைக் கழட்டு. கழட்டினா கண்ணு தெரியுமா, யாராவது கையைப் பிடிச்சுக்கணுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"அப்புறம் எதுக்குப் போட்டிருக்க?"

அவள் கண்ணாடியைக் கழற்றிக் கேஷியர் மேடத்தின் கையில் கொடுத்தாள். கேஷியர் மேடம் அதை முந்தானையில் துடைத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். தியேட்டர் கதவு வரைக்கும் அவள் கையை விடவில்லை.

கண் விழித்தபோது வெளிச்சம் சாய்ந்திருந்தது. தொண்டை வறண்டிருந்தது, வயிற்றில் நாலு இடத்தில் பிளாஸ்திரி. கட்டிலைச் சுற்றித் திரை இழுத்து மூடியிருந்தது. திரைக்குக் கீழே ஒரு ஜோடிச் செருப்பும் ஒரு ஜோடி ஷூவும் தெரிந்தன.

"மெதுவா பேசு அண்ணே" என்று குசுகுசுத்தது கேஷியர் மேடத்தின் குரல். "அவளுக்குச் சத்தம் ஆகாது."

"நான் எங்க பேசினேன்? நீங்கதான் பேசுறீங்க."

"வெளியிலேயே இருந்துடுவோம். எழுந்து நம்மைப் பார்த்தா அவளுக்குச் சங்கடமா இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் வயிறு வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. "உள்ள வாங்க" என்றாள். குரல் எழும்பவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் பலமாக, "உள்ள வாங்க மேடம்" என்றாள்.

திரையை விலக்கி ரெண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

"உட்காருங்க. பேசுங்க."

"என்ன பேச?" கேஷியர் மேடம் திகைத்தாள்.

"ஏதாவது."

நான்கு வருடம் அடக்கி வைத்திருந்த வாய் அது. விட்டால் போதும் என்று ஆரம்பித்துவிட்டது. வீட்டுக் குழாய் சொட்டுகிறது, ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனபிறகு இன்னும் வேகமாகச் சொட்டுகிறது. மருமகள் ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்துவதே இல்லை. முதலாளி முடிக்கு மை பூசிக்கொண்டு வந்தார், ஒரு காதும் சேர்ந்து கறுத்துவிட்டது, நீ கவனிக்கலையா? அவள் கவனித்திருந்தாள். அப்போது சிரிக்க ஆள் இல்லை.

"அப்புறம்?" என்றாள்.

கேஷியர் மேடம் மேலும் பத்து விஷயம் சொன்னாள். நடுவில் மூச்சு வாங்கியபோது அவள் கேட்டாள்.

"மேடம், ஒரு ஞாயித்துக்கிழமை படத்துக்குப் போனீங்களே, மூணு பேரும். பாப்கார்ன் வச்சுக்கிட்டு போட்டோ போட்டிருந்தீங்க. என்னை ஏன் கூப்பிடலை?"

"எந்தப் படம்?"

"நாலு வருஷம் இருக்கும்."

கேஷியர் மேடம் கட்டர் அண்ணனைப் பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். கேஷியர் மேடம் நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"ஞாபகமே இல்லைம்மா. மறந்திருப்பேன். வேற என்ன?"

வேறு ஒன்றும் இல்லைதான். அவள் கூரையில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒருத்தி மறந்துவிட்டாள், அவ்வளவுதான் விஷயம். அதன் மேல்தான் ஒரு பெயர், ஒரு கண்ணாடி, ஓர் அலமாரி நிறையச் சாம்பல் சட்டை, ஆயிரக்கணக்கான ஹார்ட். யார் மேலும் கோபப்படக்கூட வழியில்லாமல் இருந்தது.

தியேட்டருக்குள் போகும்போது வாங்கி வைத்திருந்த அவள் போனைக் கட்டர் அண்ணன் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். திரை மட்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. "உங்க அக்கா. மதியத்துல இருந்து நிறையத் தடவை வந்துடுச்சு. நீங்க எடுக்க மாட்டீங்கன்னு நாங்களும் தொடலை."

"அண்ணே, அந்த சைலன்ட்டை எடுத்து விடுங்க."

அவர் பக்கவாட்டில் இருந்த பொத்தானைத் தள்ளினார். போன் அலறியது. போன வருடம் இந்தப் போனை வாங்கும்போதே அதில் இருந்த பாட்டு, மாற்றப்படாமல் அப்படியே இருந்திருக்கிறது. தகரத்தைத் தட்டுவது மாதிரி ஒரு குதியாட்டச் சத்தம். அவள் டைப்புக்குக் கொஞ்சமும் பொருந்தாது. தன் போன் எப்படி அடிக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

வார்டின் கடைசியிலிருந்து நர்ஸ் கத்தினாள். "யாரு போன் அது?"

கட்டர் அண்ணன் பதறிப்போய் அதை அமுக்கப் பார்த்தார். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"என்னோடது சிஸ்டர்" என்றாள், வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி.